மைசூர் அரண்மனையும் சேமித்து வைத்த இசையும்

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நடைபெற்ற சிலப்பதிகார நாடகத்தை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கண்ணகி ஒற்றைச் சிலம்பைக் கையிலேந்திப் பாண்டியன் அவையுள் நுழைந்தபோது, நாற்பது ஐம்பது வயலின்கள் ஒருங்கே எழுந்து முழங்கின, எக்காளங்கள் ஒலித்தன, பெருமுரசம் அதிர்ந்தது. முன் வரிசையில் இருந்த குழந்தைகள் தாயார் மடியில் ஒண்டிக்கொண்டனர். திரைக்குப் பின்னாலோ நம் குடியிருப்பைச் சேர்ந்த கல்லூரி மாணவன் ஒருவன் மட்டுமே இருந்தான். அவன் முன் இருந்தது மடிக்கணினி ஒன்று.

விழா முடிவில் கலைஞர்களுக்குப் பொன்னாடை போர்த்தும் வேளையில், எண்பது அகவையைக் கடந்த மூத்த அம்மையார் ஒருவர் அம்மாணவனை அருகழைத்து, "தம்பி, இவ்வளவு அழகாகப் பிடில் வாசித்தவர்கள் யாரப்பா? அவர்களுக்கு ஒரு துண்டாவது போர்த்த வேண்டாமா?" என்று கேட்டார். "யாரென்று தெரியாது, பாட்டி. வெளிநாட்டில் யாரோ வாசித்துப் பதிவு செய்து வைத்தது. நான் எடுத்துக் கோத்தேன்" என்றான் அவன்.

அவ்வம்மையாரின் வினா என் உள்ளத்தை விட்டு இன்றளவும் அகலவில்லை. யான் இசை பயின்றவன் அல்லன். மெட்ரிகுலேஷன் தேறி, இருப்புப்பாதை அலுவலகத்தில் கோப்பு எழுதிப் பிழைப்பவன். ஆயினும் அவ்வினாவின் வழியே சென்று நோக்கியபோது, அஃது என்னை நாம் வாழும் இம்மைசூர் நகரின் வரலாற்றிலேயே கொண்டுபோய் நிறுத்தியது. அவ்வாறு அறிந்தவற்றை அன்பர்கள் முன் வைக்க விழைகின்றேன்.

முதற்கண், அம்மாணவன் கையாண்ட பொருள் யாது என்பதைச் சொல்லல் வேண்டும். இளைஞர்கள் இதனைச் 'சாம்பிள் லைப்ரரி' என்று வழங்குகின்றனர். ஒலிக் கருவூலம் என்று நாம் சொல்லலாம். நம் புகைவண்டி நிலைய அறிவிப்பை நினைவு கூர்ந்தால் இஃது எளிதில் விளங்கும். வண்டியின் எண், ஊர்ப்பெயர், நடைமேடை, "இன்னும் சிறிது நேரத்தில் வந்து சேரும்" என்னும் தொடர் ஆகியவற்றை ஒருவர் தனித்தனியே பேசிப் பதிவு செய்துவிடுகின்றார். பின்னர் எந்திரம் வேண்டியவற்றை எடுத்துக் கோத்து ஒலிக்கின்றது. 1980-களில் மத்திய ரயில்வேயில் அறிவிப்பாளராக இருந்த சரளா சௌத்ரி அம்மையாரின் குரல், அவர் அப்பணியை விட்டு நீங்கிய பின்னரும் நாட்டின் பல நிலையங்களில் ஒலித்துக்கொண்டிருந்தது. அக்குரலைக் கேட்ட கோடிக்கணக்கானவர்களுள் அவர் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

இசையிலும் அவ்வாறே. வயலினின் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே பதிவு செய்து வைப்பது எழுத்துகளைச் சேமிப்பது போன்றது. ஒரு வாத்தியக் குழு முழுவதும் சேர்ந்து வாசித்த ஓட்டத்தை, நம் வித்துவான்கள் 'சங்கதி' என்றும் 'பிடி' என்றும் சொல்வது போன்றதொரு முழுத் தொடரை, அப்படியே பதிவு செய்து வைப்பது வாக்கியங்களைச் சேமிப்பது போன்றது. கணினி அத்தொடரின் வேகத்தைக் கூட்டும், குறைக்கும். சுருதியை ஏற்றும், இறக்கும். இசையமைப்பவர் தொடரோடு தொடரை இணைத்துச் செல்கின்றார்.

நிற்க. இனி மைசூருக்கு வருவோம்.

நால்வடி கிருஷ்ணராஜ உடையார் (1884–1940) ஆட்சிக் காலத்தில், இசை வேண்டுமாயின் இசைஞர் வேண்டும். வேறு வழி இல்லை. ஆதலின் இவ்வரண்மனை இசைஞர்களைத் தேடித் தேடிச் சேர்த்தது. வீணை சேஷண்ணா இங்கே விளங்கினார். அதற்கு முந்திய தலைமுறையில், இளைஞராயிருந்த வாசுதேவாசாரியார் அரண்மனை ஆதரவுடன் நம் திருவையாற்றுக்குச் சென்று பட்டணம் சுப்பிரமணிய ஐயரிடம் குருகுலவாசம் செய்து திரும்பினார். நெல்லைச் சீமையின் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் இங்கு ஆஸ்தான வித்துவானாக அமர்ந்து, சாமுண்டீசுவரி அம்மன் மீது நூற்றெட்டுக் கீர்த்தனைகளைக் கன்னடத்தில் இயற்றினார். தமிழன் ஒருவன் கன்னட மண்ணின் தேவியை அம்மண்ணின் மொழியிலேயே பாடிய இச்செய்தி நமக்குப் பெருமை தருவதாகும்.

மேனாட்டு இசைக்கும் அரண்மனையில் தனி வாத்தியக் குழு இருந்தது. ஓட்டோ ஷ்மிட் என்னும் ஜெர்மானியர் அதனை நடத்தினார். மேனாட்டுக் கருவிகளிலேயே கர்நாடக இசையை வாசிக்கும் மரபும் இங்கே தழைத்தது. இன்றும் தசராக் காலத்தில் அரண்மனை முற்றத்தில் போலீஸ் வாத்தியக் குழுவினர் வாசிக்கக் கேட்கின்றோமன்றோ? அம்மரபின் தொடர்ச்சியே அஃது.

வாசிப்பவரைக் காணாமலே இசையைக் கேட்கும் புதுமையும் இந்நகருக்கு விரைவில் வந்தது. 1935-ஆம் ஆண்டில் பேராசிரியர் எம். வி. கோபாலஸ்வாமி தம் இல்லத்திலேயே வானொலி நிலையம் ஒன்றை அமைத்தார். 'ஆகாசவாணி' என்னும் பெயர் வானொலிக்கு வழங்கலானது அந்நிலையத்திலேதான்.

நால்வடியாருக்குப் பின் அரியணை ஏறியவர் ஜயசாமராஜ உடையார் (1919–1974). கர்நாடக இசையில் தொண்ணூற்று நான்கு கீர்த்தனைகளை இயற்றிய இம்மன்னர் மேனாட்டுப் பியானோ இசையிலும் தேர்ந்தவர். அவரிடம் இருந்த இசைத்தட்டுகள் 20,000 அளவின என்று அக்காலத்தில் மதிப்பிட்டனர். ஆனால் அவர் பெருமை தட்டுகளைச் சேர்த்ததில் மட்டும் இல்லை.

ருஷ்ய நாட்டில் பிறந்து லண்டனில் குடியேறியிருந்த நிக்கொலாய் மெட்னர் என்னும் இசையாசிரியர், முதுமையிலும் நோயிலும் வறுமையிலும் வாடி, உலகத்தாரால் மறக்கப்பட்டிருந்தார். அவர் இசையில் ஈடுபட்ட மைசூர் மன்னர், இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் அவர் பெயராலேயே லண்டனில் ஒரு சங்கம் அமைத்து, அவரைக் கொண்டே அவர் படைப்புகளை வாசிக்கச் செய்து, இசைத்தட்டுகளாக வெளிக்கொணர்ந்தார். மெட்னர் தம் மூன்றாம் பியானோக் கச்சேரிப் படைப்பை மைசூர் மன்னருக்கே காணிக்கையாக்கினார். 1951-இல் அவர் மறைந்தார். முதியவரின் விரல்கள் ஓய்வதற்குள் அவர் வாசிப்பு காப்பாற்றப்பட்டுவிட்டது.

1945-இல் வால்டர் லெக் என்பவர் லண்டனில் தோற்றுவித்த பில்ஹார்மோனியா என்னும் வாத்தியக் குழுவுக்கும் இம்மன்னர் பொருளுதவி செய்தார். ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு அளிக்க அவர் இசைந்ததை லெக் பின்னாளில் குறித்துள்ளார். 1950-ஆம் ஆண்டு மே மாதம் 22-ஆம் நாள், ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இறுதியாக இயற்றிய நான்கு பாடல்கள் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் முதன்முதல் அரங்கேறின. கிர்ஸ்டன் பிளாக்ஸ்டாட் அம்மையார் பாட, பர்ட்வாங்ளர் குழுவை நடத்தினார். அக்கச்சேரிக்குப் பொருட்பிணை நின்றவரும் மைசூர் மன்னரே. நேரிற் செல்ல இயலாத அவருக்காக அது பதிவு செய்யப்பெற்றது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். மைசூர் மன்னர் இசையைச் சேமித்தபோது இசைஞரையும் சேர்த்தே சேமித்தார். தட்டின் மேல் பெயர் இருந்தது. இயற்றியவர் இன்னார், வாசித்தவர் இன்னார் என்று தெரிந்தது. வாசித்தவர்களுக்கு ஊதியமும் சென்றது.

இதற்குப் பின் வந்த வளர்ச்சி வேறு திசையில் சென்றது. அமெரிக்கரான ஹாரி சேம்பர்லின் என்பவரின் கருவியைப் பின்பற்றி, 1963-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் 'மெல்லோட்ரான்' என்னும் கருவி தோன்றியது. பார்வைக்குப் பெரிய ஆர்மோனியம் போன்றது. ஒவ்வொரு கட்டையின் கீழும் ஓர் ஒலிநாடா உண்டு. கட்டையை அழுத்தினால் அந்நாடாவிற் பதிந்திருக்கும் வயலினோ குழலோ எட்டு விநாடி அளவுக்கு ஒலிக்கும். வலக்கைப் பக்கம் தனிச் சுரங்கள். இடக்கைப் பக்கம் குழுவினர் முன்னரே வாசித்துவைத்த தாளக்கட்டுகளும் இசைத் தொடர்களும். இன்றைய தொடர்க் கருவூலங்களுக்கு இதுவே பாட்டன் எனலாம். தம் பிழைப்பு போய்விடுமோ என்று அந்நாட்டு இசைக் கலைஞர் சங்கத்தார் அன்றே அஞ்சினர்.

1979-இல் ஆஸ்திரேலியாவில் 'பேர்லைட்' என்னும் கணினிக் கருவி வந்தது. ஸ்ட்ராவின்ஸ்கி 1910-இல் அளித்த 'தீப்பறவை' என்னும் நாட்டிய இசையிலிருந்து எடுத்த ஒரேயொரு முழக்கம் அக்கருவியில் இடம்பெற்றது. பின்னர் அம்முழக்கம் உலகெங்கும் எண்ணற்ற பாடல்களில் ஒலித்தது. அதனை வாசித்த குழுவினர் யாவர் என்று கேட்போர் சிந்திக்கவும் இல்லை. 2000-ஆம் ஆண்டை ஒட்டி வியன்னா நகரில் செல்லோக் கலைஞர் ஒருவரே முன்னின்று பெரியதொரு ஒலிக் கருவூலத்தை உருவாக்கத் தொடங்கினார். இன்று இத்தகைய கருவூலங்கள் பல உள்ளன. வாசிப்பவர்க்குப் பெரும்பாலும் பதிவு நாளன்று ஒருமுறை ஊதியம் கிடைக்கும். அதன் பின் அவர் வாசிப்பு எத்தனை ஆயிரம் பேர் கையில் புரண்டாலும் அவரை அது சென்று சேர்வதில்லை.

நம் தமிழ்த் திரையிசையிலும் இம்மாறுதலைக் கண்டோம். ஒரு காலத்தில் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின்காரர்கள் வரிசை வரிசையாக அமர்ந்து வாசித்தனர். 1992-இல் 'ரோஜா' வெளிவந்தபோது, தம் இல்லத்துக் கூடத்தில் கணினிகளோடு இயற்றிய ஏ. ஆர். ரகுமானின் இசை நாட்டையே திரும்பிப் பார்க்கச் செய்தது. ஆயினும் அவரே 2008-இல் சென்னையில் இசைக் கல்லூரி ஒன்றை நிறுவி, ஏழைக் குழந்தைகளுக்கு வயலினும் செல்லோவும் கற்பித்து ஒரு வாத்தியக் குழுவை உண்டாக்கினார். இளையராஜா 2005-இல் திருவாசகத்துக்குப் புடாபெஸ்ட் நகரக் குழுவை வாசிக்கச் செய்தார். 2025 மார்ச் 8-ஆம் நாள் தம் சிம்பொனியை லண்டனில் நேரிலேயே அரங்கேற்றினார். எந்திரத்தின் ஆற்றலை நன்கறிந்த இவ்விருவரும் மனிதக் கைகளை நாடிச் சென்றது சிந்திக்கத்தக்கது.

ஒலிக் கருவூலத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. ஐம்பது வயலின்காரர்களை அமர்த்த நம் சங்கத்திடம் பொருள் ஏது? மைசூர் மன்னருக்கு மட்டுமே இயன்றது இன்று குடியிருப்புச் சிறுவனுக்கும் இயல்கின்றதெனின் அது நன்மையே. ஆனால் எழுத்தர் என்ற முறையில் யான் அறிந்த ஒன்றுண்டு. "மேற்படி பொருள் குறித்து" என்றும், "தங்கள் கவனத்திற்குக் கொண்டுவரப்படுகிறது" என்றும் ஆயத்தத் தொடர்களைக் கோத்தால் கடிதம் விரைவில் முடிந்துவிடும். எழுதுபவனின் துயரமோ மகிழ்ச்சியோ அதில் இராது. கண்ணகியின் சினத்துக்கு அன்று ஒலித்த தொடர், நாளை வேறொரு நாடகத்தில் குதிரை ஓட்டத்துக்கும் ஒலிக்கக்கூடும். நம் முகாரியின் கமகம் அந்த வயலின்களுக்குத் தெரியாது.

இனி என் குறையையும் சொல்லிவிடுகின்றேன். இருபது ஆண்டுகளாக நம் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்துவந்த பெரியவர் ஒருவர் உண்டு. பணிமனையில் பிட்டராயிருந்து ஓய்வுபெற்றவர். சென்ற ஆண்டு, "கணினி இருக்கும்போது ஆர்மோனியம் எதற்கு?" என்று விழாக் குழுவில் கேட்டவன் யானே. அன்று அவர் வேட்டி சட்டையுடன் நான்காம் வரிசையில் அமர்ந்து நாடகம் முழுவதையும் பார்த்தார். "ரொம்ப நன்றாயிருந்தது" என்று சொல்லிவிட்டுச் சென்றார். அம்மையார் வாசித்தவர் யார் என்று கேட்டபோது என் கண் அந்த நான்காம் வரிசைக்கே சென்றது.

தஞ்சைப் பெருங்கோயிலை எடுப்பித்த இராசராசன், ஆங்கு அமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களையும், அவர்கள் குடியிருந்த வீடுகளையும், நட்டுவம் செய்தோர், பாடினோர், கருவி வாசித்தோர் பெயர்களையும் கல்லில் வெட்டுவித்தான். பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று ஊதியத்தையும் பொறித்தான். ஆயிரம் ஆண்டுகள் கடந்தன. அவர்கள் இசைத்த ஒலி நமக்குக் கிட்டவில்லை, பெயர் கிட்டியிருக்கின்றது. இன்றோ ஒலி கிட்டுகின்றது, பெயர் கிட்டவில்லை.

ஆகவே சங்கத்தாருக்கு என் பணிவான வேண்டுகோள் இது. இவ்வாண்டு நாடகத்தில் அம்மாணவனின் கணினியும் இருக்கட்டும். அதனருகே பெரியவரின் ஆர்மோனியமும் இருக்கட்டும். கண்ணகி பேசும் இடத்தில் அவர் முகாரி வாசிக்க, மதுரை எரியும் இடத்தில் கணினி முழங்கட்டும். அவர் வாசிப்பை அம்மாணவனே பதிவு செய்து, அவர் பெயரெழுதிச் சங்கத்தில் வைக்கட்டும். கருவூலத்தில் வாசித்தவர்களின் பெயர் கிட்டுமாயின் அவற்றையும் தேடி நிகழ்ச்சி நிரலில் அச்சிடுவோம். பெரியவர் இல்லத்துக்குச் சென்று அவரை அழைக்கும் பொறுப்பை யானே ஏற்கின்றேன். அஃது என் கடன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!