பெரட்டுக்கும் சாமிக்கும் ஒரே தப்பு

ஈரத்தில் தொய்ந்த தோலில் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் தப்பு என்னும் பறை பேசாது. வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சி, விரலால் சுண்டிப் பார்த்து, தோல் இறுகிய பிறகே தோளில் மாட்டுவார்கள். இலங்கையில் மழை ஓயாத இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் தப்புக்காரருக்கு இந்த வேலை அதிகம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கங்காணிகள் தமிழகத்தில் ஆள்கட்டியபோது அந்த ஆட்களோடு தப்பும் கடல் கடந்தது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழி நடந்து கோப்பித் தோட்டங்களை அடைந்தது. 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை வந்தது. சப்ரகமுவவின் தாழ்ந்த மலைகளில் பின்னர் றப்பரும் பரவியது. யட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானைப் பக்கத்து லயங்களில் தப்பும் குடியேறியது.

அங்கே துரைமார் அதற்குப் புதிய வேலை கொடுத்தார்கள்: விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள்கணக்கு எடுக்கும் அணிவகுப்புக்கு, ஆள் கூட்டுவது. வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் றப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடும். பிள்ளைக்காம்பரா என்ற குழந்தைக் காப்பகத்துக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய்க்கு அந்த ஒலி பதற்றம். பிந்தினால் அன்றைய கூலிக்குப் பேர் விழாது. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டக் கவிதையிலும் பறையின் அதிர்வோடுதான் விடிகிறது.

மாசியில் சடங்குக் கூத்தான காமன் கூத்து தொடங்கினால் அதே தோல், அதே இரண்டு குச்சிகள். அடி மட்டும் வேறு. அடி உச்சத்துக்கு ஏற, வேடம் கட்டியவருக்கு அருள் வரும். சுற்றி நிற்பவர்களில் சிலரும் ஆடத் தொடங்குவார்கள்.

இந்த அருளுக்கு மூளையில் விளக்கம் தேடியவர்களும் உண்டு. மனித மூளையின் மின் அலைகளை ஹான்ஸ் பெர்கர் 1924இல் முதன்முதலாகப் பதிவு செய்தார். ஆண்ட்ரூ நெஹர் என்ற ஆய்வாளர் 1960களின் தொடக்கத்தில் மக்களைப் பறையொலி கேட்கவைத்து, அடியின் வேகத்தையே மூளையலையும் பின்பற்றுவதாகக் கண்டார். சடங்குகளில் மக்கள் தம்மை மறப்பதற்கும் அதுவே காரணம் என்றார். கில்பேர் ரூஷே என்ற பிரெஞ்சு இசையறிஞர் இதை மறுத்தார். பறை மட்டும் போதுமென்றால் பாதி ஆப்பிரிக்கா ஆண்டு முழுவதும் அருள்வந்து ஆடிக்கொண்டிருக்க வேண்டுமே என்பது அவர் வாதம்.

தோட்டம் ரூஷேயின் பக்கம் நிற்கிறது என்றே நான் நம்புகிறேன். பெரட்டுத் தப்புக்கு எவரும் சாமியாடியதில்லை. விரதம், மஞ்சள், வேப்பிலை, கூடிநிற்கும் சனம், சிறுவயது முதல் கேட்டுப் பழகிய அடி எல்லாம் சேர்ந்தால்தான் உடல் இசையும். காதில் மாட்டிக்கொண்டால் மன அமைதி தரும் அதிர்வெண்கள் என்று இன்று கைபேசியில் விற்கப்படுபவை, இவ்வளவையும் கழித்துவிட்டு எண்ணை மட்டும் தருகின்றன.

பின்னர் பெரட்டுக்கு ஆள் கூட்டத் தப்புக்குப் பதிலாகச் சங்கொலி வந்தது. கோயிலுக்கும் சாவு வீட்டுக்கும் தப்பு தொடர்ந்தது. சாமியை அழைக்கத் தப்புக்காரர் வேண்டும். வந்த சாமியிடம் திருநீறு வாங்க மட்டும் அவரைச் சாதி சொல்லித் தள்ளி நிறுத்தினார்கள். அந்த அவமானத்தாலேயே பல பிள்ளைகள் தகப்பனின் தப்பைத் தொடாமல் விட்டார்கள். இப்போது போராட்டங்களிலும் கலைவிழாக்களிலும் மலையக இளைஞர்கள் அதை விரும்பி எடுத்து அடிக்கிறார்கள்.