பாகூர்ச் செப்பேடும் நம் பள்ளிவாசல் பத்திரங்களும்



சிலைகள் நிறைந்த அருங்காட்சியகத்திற்கும் பழங்கோயில்கள் உள்ள ஊர்களுக்கும் நம் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாமா எனப் பெற்றோர் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. ஈமானைப் பற்றிய அக்கறையில் எழும் கேள்வி அது, அதை மதிக்கிறோம். ஆயினும் வணங்கச் செல்வது வேறு, படிப்பினை பெறச் செல்வது வேறு. பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவு என்னவாயிற்று என்று பார்க்கும்படி திருக்குர்ஆன் பல இடங்களில் நம்மை அழைக்கிறது. அந்த நோக்கோடு புதுச்சேரியின் கிராமப்புறத்தை ஒரு முறை சுற்றி வருவோம்.

முதலில் பாகூர். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடு ஒன்று இவ்வூரின் பெயரைச் சொல்கிறது. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதில் வடமொழியும் தமிழும் கலந்துள்ளன. பாகூரில் இயங்கிய கல்விச்சாலையின் பராமரிப்பிற்காக மூன்று சிற்றூர்கள் வழங்கப்பட்ட செய்தி அதில் பொறிக்கப்பட்டுள்ளது. இதைப் படிக்கும்போது, கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) அவர்கள் வக்ஃபு செய்தது நம் நினைவிற்கு வருகிறது. அந்நிலம் விற்கப்படாது, வாரிசுகளுக்குப் பங்கிடப்படாது. அதன் விளைச்சல் ஏழைகளுக்கும் உறவினருக்கும் வழிப்போக்கருக்கும் சேரும். நம்பிக்கை வேறாயினும், நிலத்தின் வருவாயைப் பொதுநன்மைக்கு ஒதுக்கும் எண்ணத்தை இவ்விரண்டிலும் காண்கிறோம்.

அடுத்து, வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் வசம் சென்ற வரலாறு. 1749இல் ஆம்பூர்ப் போருக்குப் பின், தமக்கு உதவிய பிரெஞ்சுக்காரருக்குச் சந்தா சாகிப் இப்பகுதிச் சிற்றூர்களை அளித்தார். 1752இல் சந்தா சாகிப் கொல்லப்பட்டார். அதே ஆண்டு பாகூருக்கு அருகே நடந்த போரில், லாரன்ஸ் தலைமையிலான ஆங்கிலேயப் படை பிரெஞ்சுப் படையை வென்றது. ஆங்கிலேயர் பக்கம் நின்றவர் நவாப் முகம்மது அலி. ஆர்க்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட இருவருமே முஸ்லிம்கள். பதவிக்காகவும் வரி வருவாய்க்காகவும் நடந்த அப்போரை மதப்போராகச் சித்திரிப்பவர்களுக்கு நம் பிள்ளைகள் இதைக் கொண்டே விடை சொல்லலாம்.

அரியாங்குப்பத்தை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். ரோமானியர் மதுவும் எண்ணெயும் அனுப்பிய சாடிகளின் உடைந்த துண்டுகள் அங்கே கிடைத்தன. அரிக்கமேட்டுப் பொருள்களைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம். கடல் கடந்த வாணிகம் இக்கரைக்குப் புதிதன்று. பிற்காலத்தில் அரபு வணிகர்கள் சோழமண்டலக் கரைக்கு வந்ததும் அதே கடல்வழியில்தான்.

இனி நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். பாகூர்க் கல்விச்சாலை இன்றில்லை. செம்பில் எழுதி வைத்ததால் அதன் செய்தி மட்டும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. நம் நிலை என்ன? நாம் அறிந்த ஒரு சிற்றூர்ப் பள்ளிவாசலில் பழைய மரப்பெட்டியைத் திறந்தபோது, வக்ஃபு பத்திரத்தின் பாதியைக் கரையான் அரித்திருந்தது. நிலத்தின் எல்லையைக் குறித்த பகுதியே போய்விட்டது. அரபுத்தமிழில் எழுதப்பட்ட ஏடுகளும் அதில் இருந்தன. அவற்றைப் படிக்கத் தெரிந்த கடைசிப் பெரியவரும் மறைந்துவிட்டார். வக்ஃபு அமானிதம், அதன் ஆவணமும் அமானிதமே அல்லவா?

ஆகவே விடுமுறையில் பிள்ளைகளை அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். தொழுகை நேரத்தை முன்பே திட்டமிடுங்கள். திரும்பி வந்ததும் சொந்த ஊர்ப் பள்ளிவாசலுக்கும் அவர்களைக் கூட்டிச் செல்லுங்கள். ஜமாஅத்தாரின் அனுமதியோடு பழைய பத்திரங்களையும் கல்வெட்டுகளையும் படமெடுத்துப் படியெடுக்கச் செய்யுங்கள். பள்ளியைப் புதுப்பிக்கும்போது எழுத்துள்ள கல்லின் மேல் சாயம் பூசவோ ஓடு பதிக்கவோ வேண்டாம்.

நம் முன்னோர் விட்டுச்சென்ற அமானிதங்களைப் பேணிக் காக்க அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.