வேலூர்க் குடலும் புத்தகக் குடலும்

ஏற்காடுன்னா நமக்கு ஏரி, காபித் தோட்டம், இருபது கொண்டை ஊசி வளைவு. ஆனா 1820-களில் சேலம் கலெக்டர் எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபிச் செடி கொண்டுவந்த அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களுக்கு, மலை ஊர்கள் ஒரு வைத்தியமும்கூட. சமவெளியில் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. 1,500 மீட்டர் மேலே ஏறினா உடம்பு தேறும்னு நம்பினாங்க.

வயிறு அந்தக் கணக்குக்கு ஒத்துவரல. சிம்லா பக்கம் 'மலை வயிற்றுப்போக்கு'ன்னே ஒரு நோய்க்குப் பேர் வந்தது. 1880-ல் பேட்ரிக் மேன்சன் 'ஸ்ப்ரூ' என்ற நோயை விவரித்தார்: மாசக்கணக்கில் பேதி, நாக்குப் புண், சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது, ஆள் இளைச்சுக்கிட்டே போவார். கோளாறு குடலில்தான்னு தெரியும். குடலில் எங்கே?

குடல் வெறும் குழாய் இல்ல. அதோட சுவர் நாலு அடுக்கு. வெளியே வழுவழுப்பான உறை. அடுத்து, உணவைத் தள்ளிக்கொண்டு போகும் தசை. அதுக்கு உள்ளே ரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடும் அடுக்கு. கடைசியா, உணவைத் தொடும் சளிச்சவ்வு. சிறுகுடலில் இந்தச் சவ்வு லட்சக்கணக்கான குட்டி விரல்களா நீண்டிருக்கும், அதுதான் குடலுறிஞ்சிகள். எல்லாத்தையும் விரிச்சா சிறுகுடல் மட்டும் சுமார் 30 சதுர மீட்டர், அதாவது 320 சதுர அடி. சென்னையில் ஒரு சின்ன வீடு! அந்த மேல்தோல் செல்கள் சில நாளுக்கு ஒருமுறை புதுசா மாறிக்கிட்டே இருக்கும்.

சிக்கல் என்னன்னா, உயிர் போன கொஞ்ச நேரத்திலேயே இந்தச் சவ்வு அழுக ஆரம்பிக்கும். அதனால் பிணப் பரிசோதனையில் பார்த்ததை நம்ப முடியல. 1957-ல் வில்லியம் கிராஸ்பி ஒரு சின்ன உலோகக் குப்பியை அறிமுகப்படுத்தினார். குழாயோட முழுங்கணும், குடலுக்குப் போனதும் உள்ளிருக்கும் கத்தி ஒரு துணுக்குச் சவ்வை வெட்டி எடுக்கும்.

1960-களின் தொடக்கத்தில் வட ஆற்காடு கிராமங்களில் ஸ்ப்ரூ கொள்ளைநோயாப் பரவியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாதனும் அதை ஆராய்ந்தாங்க. நோயாளியோட குடலை ஒப்பிட, நல்லா இருப்பவங்க குடலும் வேணும் இல்லையா? அங்கேதான் ஆச்சரியம். எந்தத் தொந்தரவும் இல்லாத ஆட்களிடமும் புத்தகத்தில் இருந்த விரல்கள் அதிகம் இல்ல. அகன்ற இலைகள், வரப்பு மாதிரி மேடுகள். பலருக்குச் சத்தை உறிஞ்சும் திறனும் கொஞ்சம் குறைவு.

அப்போ நம்ம இனமே அப்படியா? இல்ல. அதே வேலூரில், பிறக்காத சிசுக்களின் குடலைப் பார்த்தப்போ விரல்கள் அழகா இருந்தன. பிறந்த பிறகுதான் மாறுது. இன்னொரு சாட்சி, பாகிஸ்தானில் வேலை செய்த அமெரிக்க 'பீஸ் கோர்' இளைஞர்கள். இங்கே வந்ததும் அவங்க குடலும் நம்ம குடல் மாதிரி ஆச்சு. ஊர் திரும்பிய சில மாதங்களில் பழையபடி தேறியது.

ஆக, இது பிறவிக் குணம் இல்ல. தண்ணீர், மலம், கிருமி என்று சுற்றி இருக்கிறதெல்லாம் சேர்ந்து செய்த மாற்றம். நோய்னு யாரும் சொல்லாததால், யாரும் சிகிச்சைக்கும் போகல.

இதில் இன்றைக்கும் விலை கொடுப்பது குழந்தைகள். 1970-களில் அதே வேலூரில் டி. ஜேக்கப் ஜான், போலியோ சொட்டு மருந்து நம்ம குழந்தைகளிடம் மேலைநாட்டு அளவுக்கு எதிர்ப்புச் சக்தி தரவில்லைன்னு காட்டினார். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்திலும் இதே கதை. இந்தக் குடல் மாற்றமும் ஒரு காரணமா இருக்கலாம்னு ஆராய்ச்சியாளர்கள் சந்தேகப்படுறாங்க.

சாஃப்ட்வேர்க்காரனா எனக்கு இது பழக்கமான விஷயம். ஒரே ஊர் டேட்டாவை வெச்சு 'நார்மல்'னு எழுதிட்டா, மத்த ஊர்க்காரங்க வித்தியாசமாத் தெரிவாங்க. அதைவிடப் பெரிய ஆபத்து இன்னொண்ணு: 'எங்க ஊர் நார்மல் இதுதான்'னு நாமே சமாதானம் ஆகிடுறது. அந்த 320 சதுர அடிச் சுவரைச் சரிசெய்ய முதலில் வேண்டியது மருந்து இல்ல; நல்ல குடிதண்ணீரும் ஒழுங்கான சாக்கடையும்தான்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.