பென்னலூர் பக்கம் மெட்ரோ: ஒப்புதல் கிடைச்சாச்சு, அப்புறம் என்ன தாமதம்?

பூந்தமல்லி - பரந்தூர் மெட்ரோ நீட்டிப்பின் முதல் கட்டம், சுங்குவார்சத்திரம் வரை 27.9 கி.மீ. பென்னலூர், ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போகும் பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டித்தான் பாதை. மதிப்பீடு ரூ.8,779 கோடி. 2025 மே மாதம் தமிழக அரசு கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது.

அப்போ உடனே ரயில் ஓடிடுமா? அங்கதான் சிக்கல். மத்திய அரசு தன் பங்கைத் தர, அதன் ஒப்புதலும் வேணும். சென்னையில் 2-ம் கட்ட மெட்ரோவுக்கு 2020 நவம்பரில் அடிக்கல் நாட்டினாங்க. மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2024 அக்டோபரில். அதுவரை பெரும்பாலான சுமை மாநிலத்தின் தலையில்.

இன்னொன்று, ஒரகடம் இந்தப் பாதையிலேயே இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் இறங்கி, சிங்கப்பெருமாள்கோவில் ரோட்டில் பஸ்தான் பிடிக்கணும். சென்னை மெட்ரோவும் இரவு 11 மணியோடு முடிஞ்சிடுது. அதுக்கு மேல ஷிஃப்ட் முடிச்சு வர்றவங்களுக்கு, பாதை வந்தாலும் கம்பெனி பஸ்தான்.