கானில் இறங்கிய மண்

பதுளைப் பக்கத்துத் தேயிலை மலைகளில் மழை பிடித்தால் மண் நடக்கத் தொடங்கும். கவ்வாத்து வெட்டிய மலையென்றால் இன்னும் வேகம். செடியின் குடை இல்லாத நிலத்தில் துளி நேரே விழுந்து மேல்மண்ணைக் கிளப்பிவிடும். அதை மறிக்கத்தான் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டுகிறார்கள். கானுக்குள் இடைக்கிடை கொஞ்சம் மண்ணை வெட்டாமலே விட்டுவைப்பார்கள். தண்ணீர் அந்தத் தடுப்பைத் தாண்டிப் போகும், வண்டல் தங்கிவிடும். மறிபடாத மண் ஆற்றோடு போய்விடும். வெலிமடைச் சரிவுகளின் மண் உமா ஓயாவில் இறங்கி, ரந்தம்பை நீர்த்தேக்கத்தில் படிந்து கிடக்கிறது. அது இனி மலையேறி வரப்போவதில்லை.

கானில் தங்கிய மண்ணுக்கு வேறு வழி கிடைக்கிறது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கிட்டவுள்ள கானைத் துப்புரவாக்கும்போது அள்ளிப்போடும் வண்டலை உரச்சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். பிள்ளைகள் வாளியில் சுமப்பது தனி. கறுத்து, மெதுவாய், சருகு மக்கிய வாசத்தோடு இருக்கும் அந்த மண்தான் வீட்டு மரக்கறிப் பாத்தியின் மேல் அடுக்கு. மலையில் இருந்தவரை தேயிலைக்கு உழைத்தது, இங்கே வந்தபின் போஞ்சிக்கும் லீக்ஸுக்கும் உழைக்கிறது.

பாத்தியும் பயணம் வந்ததுதான். கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் தமிழகத்திலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் வறண்ட நிலத்துக்காரர்கள். கிணற்றுநீர் இறைக்கும் ஊரில் பாத்தி பள்ளமாக இருக்கும். நாலு பக்கமும் வரப்புக் கட்டி, விட்ட தண்ணீர் வெளியேறாமல் பார்ப்பதே அங்கே கெட்டித்தனம். பதுளை இருக்கும் ஊவாவின் ஐப்பசி, கார்த்திகை மழையில் அப்படிப் பாத்தி கட்டினால் வேர் அழுகிவிடும். ஆகவே இங்கே பாத்தி தலைகீழாக வேண்டியிருந்தது: வரப்பு இருந்த இடத்தில் வடிகால், பள்ளம் இருந்த இடத்தில் மேடு. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் தேயிலை நட்டதைப் பாடப்புத்தகம் சொல்கிறது. லயத்துக் கொல்லையில் இருப்பதும் வேளாண்மை அறிவுதான். அதற்கும் அதே மதிப்பு வேண்டும் என்பேன்.

அந்த அறிவில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. பாத்தி சரிவுக்குக் குறுக்கே படுக்க வேண்டும். சரிவோடு போனால் முதல் பெருமழையில் மண் கழுவிப் போய்விடும். அகலம் 4 அடிக்கு மேல் ஆகாது. இரு பக்கமிருந்தும் கை எட்டினால்தான் உள்ளே மிதிக்காமல் களை பிடுங்கலாம், மிதித்த மண் இறுகிவிடும். கீழ்ப்பக்கம் கல் அடுக்கு. கல்லுக்கு இந்த மலையில் பஞ்சமில்லை. பெரிய கல்லைப் பெரியவர்கள் உருட்டிவர, இடுக்குக்குச் சிறுகல் பொறுக்குவது பிள்ளைகள் வேலை. அடியில் கவ்வாத்தில் வெட்டிய மிலாறுக் குச்சி, மேலே மானாப்புல், பிறகு மாட்டெரு, எல்லாவற்றுக்கும் மேல் கான் மண். ஆனால் அது புளித்த மண். தேயிலைக்கு மண்ணின் பி.எச். 4.5 முதல் 5.5 வரை இருந்தால் போதும், கரட்டும் கோவாவும் பீட்ரூட்டும் 6க்கு மேல் கேட்கும். அதனால்தான் நடுவதற்கு இரண்டு மூன்று வாரம் முந்தி டொலமைட் தூவிக் கொத்திவிடுகிறார்கள். பாட்டிமார் பூச்சிக்கென்று தூவும் அடுப்புச் சாம்பலும் அந்தப் புளிப்பைக் கொஞ்சம் குறைக்கிறது.

ஆடி, ஆவணியில் கச்சான் அடிக்கும். ஊவாத் தேயிலைக்கு மணம் கொடுக்கும் அதே வறண்ட காற்று மேட்டுப்பாத்தியைச் சீக்கிரம் காயவைக்கும். அப்போது மண் தெரியாதபடி மானாப்புல்லால் மூடிவைக்க வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இடம் போதவில்லையென்று வீட்டுக்குப் பின்னாலுள்ள மண்மேட்டைக் குடைந்து பாத்தி போடக் கூடாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை ஊவாவில் யாரும் மறக்கவில்லை. சரிவின் காலை வெட்டுவதும், கூரைத் தண்ணீரை அங்கே தேங்கவிடுவதும் ஆபத்து. முதலில் தண்ணீருக்கு வழி, பிறகுதான் பாத்தி. மேட்டுப்பாத்தியின் நல்ல குணமே அதுதான், சரிவை வெட்டாமல் மேலே கட்டிக்கொண்டு போகலாம்.

இத்தனை உழைப்பும் யாருடைய காணியில் என்ற கேள்வி பாத்திக்கு அடியில் எப்போதும் கிடக்கிறது. 1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமை போனது. 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்தார்கள். லயத்துக் கொல்லையில் விளைந்த கீரையும் கிழங்கும் அன்று உயிர்ப்பிரச்சினை. 2021இல் இரசாயன உரம் தடைசெய்யப்பட்டு, அடுத்த வருசம் அரிசியும் மாவும் கைக்கு எட்டாத விலைக்குப் போனபோது மறுபடியும் அந்த நிலை. 2022 ஜூனில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னது அரசாங்கம். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அந்த லீவு கிடைக்கவில்லை. பொழுது சாய்ந்து மலையிலிருந்து இறங்கிய பிறகே அவள் மம்பட்டி எடுக்க முடியும்.

தனி வீடு கிடைத்த குடும்பங்களில் பலவற்றுக்கு 7 பேர்ச் காணி, ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடு போக மிஞ்சியதில் முதல் வருசம் ஒரு பாத்தி வரும். கான் மண்ணும் எருவும் சேரச் சேர அடுத்தது அதற்குக் கீழே இறங்கும். மேல் பாத்தியில் கழுவி வருவதைக் கீழ்ப்பாத்தி பிடித்துக்கொள்ளும். மகன் கல் எடுத்துவர, மருமகள் நாற்றுப் போட, தோட்டம் விரிவடைவது இப்படித்தான். ஆனால் காணி உறுதி கைக்கு வராதவர்கள் இன்னும் நிறையப் பேர். லயத்திலேயே இருப்பவர்களும் அப்படியே. அவர்கள் சாக்கிலும் பழைய டயரிலும் நடுவது இடமில்லாததால் மட்டுமல்ல, எழும்பச் சொன்னால் தூக்கிக்கொண்டு போகலாம் என்பதாலும்தான். கல் அடுக்கிக் கட்டும் பாத்தி பல வருசத்துக்கான வேலை. அவர்களுக்கு நாற்றுக்கும் டொலமைட்டுக்கும் முன்னே கொடுக்க வேண்டியது அந்த உறுதிதான்.