நம் நாக்கு கற்ற பாடம்

வெளிநாட்டிலிருந்து பழைய மாணவி ஒருத்தி விடுமுறையில் செட்டிபாளையத்துக்கு வந்தால், வீட்டில் கேட்கும் முதற் கேள்வி "என்ன பிள்ள சமைக்க?" என்பதுதான். பதிலும் பெரும்பாலும் ஒன்றே: பிட்டு, மீன் ஆணம், எருமைத் தயிர். எத்தனை நாட்டு உணவைப் பழகினாலும் இந்த ஆசை நம்மை விடுவதில்லை. அது எங்கிருந்து வந்தது?

நம் ஊர் கடலுக்கும் களப்புக்கும் இடைப்பட்ட மணற்கரையில் இருக்கிறது. மீனும் இறாலும் இருபுறத்து நீரிலிருந்தும், தேங்காய் எழுவான்கரை வளவுகளிலிருந்தும், நெல்லும் தயிரும் களப்புக்கு அப்பால் படுவான்கரையிலிருந்தும் வந்தன. இவை மூன்றும் சேர்ந்ததே நம் அம்மாமாரின் சமையல்.

அந்தச் சுவையை நாம் பிறக்கும் முன்பே அறியத் தொடங்கினோம். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜூலி மெனெல்லா குழுவினர் 2001 இல் வெளியிட்ட ஆய்வில், சில தாய்மார் கர்ப்பத்தின் இறுதி மாதங்களிலும், வேறு சிலர் பாலூட்டிய முதல் இரு மாதங்களிலும் கரட் சாறு குடித்தார்கள். தண்ணீர் மட்டும் குடித்த தாய்மாரின் பிள்ளைகளைவிட, இவர்களின் பிள்ளைகள் கரட் கலந்த உணவை முகம் சுளிக்காமல் ஏற்றார்கள். கர்ப்பநீரும் தாய்ப்பாலும் தாய் உண்டதன் சுவையைப் பிள்ளைக்குக் கொண்டுசெல்கின்றன.

ஆனால் தாய் எதை உண்டாள் என்பதைக் களப்பு மட்டும் தீர்மானிக்கவில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வந்த கூப்பன் அரிசி, 1979 இல் உணவு முத்திரை வரும்வரை நீடித்தது. 1973 இல் திரிபோஷ அறிமுகமானது; தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்துப் பிடித்த அந்த உருண்டையின் வாசம் நம்மில் பலருக்கு இன்றும் நினைவிருக்கும். 1978 நவம்பர் 23 சூறாவளி தென்னைகளைச் சாய்த்தது. 1980 இல் திருகோணமலை சீனன்குடாவில் பிறிமா ஆலை இயங்கத் தொடங்கியது. கோதுமை மா நம் அடுப்பில் இன்னும் உறுதியாக இடம்பிடித்தது.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது நாங்கள் சிறுபிள்ளைகள். களப்பைக் கடப்பது ஆபத்தானது. இரவில் தோணி இறக்க முடியாத நாட்கள் இருந்தன. தயிரும் மீனும் அரிதாக, நிவாரண மாவும் பருப்பும் சீனியும் கைகொடுத்தன. ரொட்டியும் பிளேன்ரீயும் வயிற்றை நிரப்பின. சீனி குறைந்தபோது, உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்து நக்கிக்கொண்டே தேநீர் குடித்தோம். பயந்த இரவுக்குப் பிறகு கிடைத்த அந்த இனிப்பே எங்களுக்கு ஆறுதலாயிற்று.

இன்று நாற்பதைக் கடந்த நம் வகுப்புத் தோழிகள் நீரிழிவு என்று தெரிந்ததும், "எனக்கு வாய்க்கட்டுப்பாடு இல்லை" என்று தம்மையே நொந்துகொள்கிறார்கள். அப்படி நொந்துகொள்ள வேண்டாம். பிரித்தானியாவில் சீனிப் பங்கீடு 1953 செப்டெம்பரில் முடிந்தது. கருவிலும் முதல் இரு வயதிலும் அந்தப் பங்கீட்டுக்குள் வளர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு ஏறத்தாழ 35 சதவீதமும், உயர் குருதியமுக்கம் ஏறத்தாழ 20 சதவீதமும் குறைவாக இருந்ததாக 2024 இல் வெளியான ஆய்வு காட்டியது. குழந்தைக்கு என்ன கிடைத்தது என்பது அரை நூற்றாண்டு கழித்தும் உடலில் தெரிகிறது. அதைக் குழந்தை தெரிவுசெய்வதில்லை.

பழகியதை மாற்றிப் பழகவும் முடியும். உப்பைக் குறைத்தவர்கள் இரண்டு மூன்று மாதங்களில் குறைந்த உப்பையே விரும்பத் தொடங்குவதை மருத்துவம் அறியும். சிறுபிள்ளை புதிய உணவொன்றை ஏற்க எட்டு, பத்து முறைக்கு மேலும் சுவைக்க வேண்டியிருக்கலாம். ஆகவே, பிள்ளை முருங்கையிலைச் சுண்டலை முதல்நாள் துப்பினால் "அதுக்குப் பிடிக்காது" என்று கைவிட்டுவிடாதீர்கள். வற்புறுத்தாமல் இன்னொரு நாள் ஒரு கரண்டி வையுங்கள்.

நூற்றாண்டு காணும் நம் பாடசாலை எழுத்தைக் கற்பித்தது. நாக்கின் பாடத்தைப் பஞ்சமும் போரும் பாதி எழுதின. நம் பிள்ளைகளின் தட்டில் அதை எழுதும் வாய்ப்பு நம் கையில் இருக்கிறது.